திரும்பி வரும் தேதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். என் மேசையில் இரண்டு சீட்டுப் புத்தகங்கள் உண்டு. வெள்ளைப் புத்தகம், ஆலையை விட்டுப் போய்த் திரும்பி வராத பொருளுக்கு. மஞ்சள் புத்தகம், ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வர வேண்டிய பொருளுக்கு. மஞ்சள் சீட்டின் கீழே 'திரும்பி வரும் தேதி' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் ஒரு ஸ்பேனரைக்கூட நான் கேட்டைத் தாண்ட விட்டதில்லை.

என் மனைவி ஹெலன் போன மே மாதம் இறந்துபோனாள். அதற்கு முன்னால், பிப்ரவரியில், எங்கள் மகளின் தலைப்பிரசவத்துக்கு அவள் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குக் காரணம் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

மகள் மெர்லின் அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அதற்கு முந்தைய வருடம் ஜூலை முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்ததும் போன் செய்தாள். ஹெலன் சமையற்கட்டில் நின்றபடி பேசினாள். எப்போதும் நின்றபடிதான். சிப்காட்டில் பவுடர் டப்பா அடைக்கும் கம்பெனியில் பதினெட்டு வருடம் நின்று வேலை பார்த்தவள். முதுகுவலி வந்து வேலையை விட்ட பிறகு, உட்கார்வதுதான் அவளுக்குக் கஷ்டமாகப் போனது. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. கோயிலில் பின்வரிசைத் தூணில் சாய்ந்து நிற்பாள். கவரைப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரை ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றுதான் வருவாள். படுத்தால் வலி தெரியாது.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மெர்லினு அப்பா, தாத்தா ஆவப் போற. ரெண்டு மாசமாம்."

"எப்ப வராளாம் ஊருக்கு?"

"வர முடியாதாம். லீவு கெடைக்காது, அந்த விசாவுல வேற ஏதோ பேஜாரு சொல்றா. மாப்பிள்ளைக்கும் அம்மா இல்ல." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "மொதப் புள்ளைக்கு அம்மா ஊட்டுக்குத்தான வரணும்? அவ வர முடியலன்னா அம்மா ஊடு அங்க போவட்டும். நான் போறேன்."

பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம். அவளால் எப்படி உட்கார முடியும் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

வழி காட்டியவன் எங்கள் அக்கவுண்ட்ஸ் வரதன். கேண்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது போனில் ஒரு வீடியோ காட்டினான். விமானத்தின் முன்பக்கம், பெரிய வகுப்பு. பட்டனை அழுத்தியதும் நாற்காலி மெல்ல விரிந்து கட்டிலாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"இதுல அண்ணிய படுக்க வச்சி அனுப்பலாம்ணா."

"எவ்ளோப்பா?"

"துட்டு குடுத்தா நம்ம ரெண்டு பேரு கிட்னியும் போவும். மைல்ல போலாம்."

மைல் என்னிடம் இருந்தது. ஆலைக்கு அவசரமாக வாங்கும் வெல்டிங் ராடு, பேரிங், கையுறை எல்லாவற்றையும் என் கிரெடிட் கார்டில் வாங்குவேன். மாதக் கடைசியில் முதலாளி எனக்குக் கொடுத்துவிடுவார். நான்கு வருடத்துக்கு முன் சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே மேசை போட்ட ஒரு வங்கிப் பையன் கொடுத்த விமானக் கம்பெனிக் கார்டு அது. சின்ன கார்டு. செலவழிக்கச் செலவழிக்க மைல் சேரும், சேர்ந்த மைலைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாம் என்றான். சேர்ந்தது. நான் தொடவே இல்லை.

அன்று மாலை கணக்குப் பார்த்தோம். கையில் இருந்த மைல், ஹெலன் கட்டில் நாற்காலியில் படுத்துக்கொண்டு கார்க் போய்ச் சேரப் போதும். திரும்பி வரப் போதாது.

"பெரிய கார்டு ஒண்ணு கீது, அதே கம்பெனிது" என்றான் வரதன். "ரெண்டு ரூட்டு. ஒண்ணு, உன் சின்ன கார்டையே அப்கிரேடு பண்றது. ஒரு போன் அடிச்சா போதும், ஒரே வாரத்துல ஊட்டுக்கு வந்துடும். ஆனா புதுசா வரவனுக்குக் குடுக்கற வரவேற்பு மைலு தர மாட்டான். ஊட்லயே கீற மருமவனுக்கு எவன் ஆரத்தி எடுப்பான்?"

"இன்னொண்ணு?"

"சின்ன கார்ட மூடிடு. ஆறு மாசம் கம்முனு இரு. அப்பறம் புது ஆளாட்டம் போயி பெரிய கார்டுக்கு அப்ளை பண்ணு. சொளையா மைலு. அண்ணி படுத்துகினே போயி படுத்துகினே வரலாம். உனக்கும் பின்னாடி சாதா சீட்டு ஒண்ணு தேறும்."

"கைல இருக்கற மைலு?"

"அது பிளேன் கம்பெனி கணக்குல கீது. கார்டு போனாலும் அது போவாது."

பதினான்கு பக்கம் நிபந்தனைகள் இருந்தன. அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பென்சிலோடு உட்கார்ந்தேன். படிப்பதில் எனக்கு அலுப்பு வராது. அப்கிரேடு செய்தால் பிப்ரவரிக்குள் திரும்பும் டிக்கெட்டுக்கு மைல் சேராது. புதிதாக விண்ணப்பித்தால் ஜனவரி நடுவில் கார்டு, பிப்ரவரி தொடக்கத்தில் மைல். பிரசவத் தேதி பிப்ரவரி பதினேழு. பத்து நாள் கையில் இருந்தது. ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, 'ஹெலன் பயணம்' என்று மேலே எழுதி, பாஸ்போர்ட் நகல், நிபந்தனைகள், அந்த வாரம் ஆலையில் குடும்பத்தினருக்கும் சேர்த்து நடந்த மருத்துவ முகாமில் ஹெலனுக்குக் கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள், எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினேன்.

ஹெலனிடம் விளக்கினேன். அவள் தரையில் பாய் விரித்துப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போறதுக்கு இருக்குதா இல்லியா?"

"இருக்குது. வரதுக்கு இல்ல."

"அப்ப அத்த எடு. வரத அப்பறம் பாத்துக்கலாம்."

"போயி மாட்டிக்கினா?"

"எங்க மாட்டிக்கப் போறேன்? பொண்ணு ஊட்லதான?" எழாமல், தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா, மஞ்ச சீட்டு எழுதாம என்னையும் கேட்டத் தாண்ட உட மாட்டியா?"

"வெளையாடாத ஹெலன். ஆறு மாசம்தான். ரெண்டு வழிக்கும் முறையா எடுத்துக்கலாம்."

"வளையல வச்சாவது திரும்பி வரதுக்கு எடுக்கலாம்."

"தேவையில்ல."

திருப்பிய தலையை மறுபடி பாயில் வைத்தாள். பிறகு, "சரி, நீ படிச்சிருக்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த யாரையும் அவள் அப்படித்தான் மதித்தாள்.

ஜூலை பத்தாம் தேதி கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பிளாஸ்டிக்கை இரண்டாக வெட்டி, அதையும் ஃபைலில் போட்டேன்.

ஆகஸ்டில் ஒன்று நடந்தது. அப்போது அது எனக்கு நடந்ததாகவே தெரியவில்லை. கார்டை மூடுவதற்கு முன் பாரிமுனைக் கடையில் வாங்கிய பேரிங்குகளில் நான்கு அளவு தப்பு. மஞ்சள் சீட்டு எழுதித் திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் மாற்றுச் சரக்கு இல்லை என்று பணத்தைத் திருப்பிவிட்டார். சில வாரம் கழித்து அது என் சம்பளக் கணக்கில் வந்து விழுந்தது. எவ்வளவு சரியாக நடந்துகொள்கிறார்கள் என்று மகிழ்ந்து, மஞ்சள் சீட்டில் 'முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பரில் விசா வந்தது. ஹெலன் பெட்டி கட்டினாள். பழைய நூல் புடவைகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாக மடித்தாள். ஓமம், சுக்கு, வசம்பு, பெருங்காயம். பொன்னேரி நாட்டுமருந்துக் கடையில் சொல்லிச் செய்த பிரசவ லேகியம். பாட்டிலின் மூடி கசியாமல் மெழுகு ஊற்றி அடைத்தாள்.

எடை எவ்வளவு என்று தெரியவில்லை. ஆலை தராசு இருக்கும்போது வேறு எங்கே போவது? பெட்டியைக் காலை ஷிப்டுக்கு ரயிலில் தூக்கிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு கிலோ. மாலையில் வெளியே கொண்டுவரும்போது கேட்டில் செக்யூரிட்டி சுப்பராயன் கையை நீட்டி மறித்தார்.

"இன்னா ஸ்டோர்காரரே, ஃபேக்டரிய சுருட்டிக்கினு கெளம்பிட்டியா?"

"பொண்ணுக்குப் பிரசவ சாமான்யா. எட பாக்க எடுத்தாந்தேன்."

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. கேட்டுக்குள்ள வந்தது வெளிய போவணும்னா சீட்டு வேணும். நீ போட்ட ரூலு நைனா. போன வருசம் என் டிபன் கேரியருக்கே சீட்டு கேட்ட ஆளு நீ."

திரும்பிப் போய் எழுதிக்கொண்டு வந்தேன். கை தன் பழக்கத்தில் மஞ்சள் புத்தகத்தை எடுத்திருந்தது. ஒரு பெட்டி, 22 கிலோ, சொந்தப் பொருள். திரும்பி வரும் தேதி: ஏப்ரல் 20. அது ஹெலன் ஊர் திரும்புவதாக நான் கணக்குப் போட்டிருந்த நாள்.

சுப்பராயன் படித்துவிட்டுச் சிரித்தார். "பொட்டி பிளேன்ல போயி, பிளேன்ல வந்து, திரும்பி இங்க ஸ்டோருக்கு வருமா? சரியான ஆளுய்யா. போ, போ. பேரப்புள்ள பொறந்தா ஸ்வீட்டோட வா. அதுக்குச் சீட்டு வாணாம்."

ஜனவரி பதினொன்றாம் தேதி காலை விண்ணப்பித்தேன். மூன்றாம் நாள் மறுத்துச் செய்தி வந்தது.

வங்கிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் ஜூலையில் எழுதிக் கொடுத்தது சரி. ஆனால் அந்தக் கார்டுக்குக் கடையிலிருந்து ஒரு தொகை திரும்பி வந்ததால் கணக்கை மூட முடியவில்லை. அந்தத் தொகையை என் சம்பளக் கணக்குக்கு மாற்றிய பிறகு, செப்டம்பர் இருபதாம் தேதிதான் மூடினார்கள். ஆறு மாதம் அந்தத் தேதியிலிருந்து. மார்ச் இருபதுக்கு மேல் விண்ணப்பியுங்கள் சார்.

"பழைய கார்டையே திறந்து அப்கிரேடு செய்ய முடியுமா?"

"மூடின கார்டை அப்கிரேடு பண்ண முடியாது சார்."

நிபந்தனைகளை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. 'கணக்கு முழுமையாக மூடப்பட்ட நாளிலிருந்து.' அதன் கீழே என் பென்சில் கோடே இருந்தது. 'மூடப்பட்ட நாள்' என்பதை நான் எழுதிக் கொடுத்த நாள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் நான் கையெழுத்துப் போட்டால் அன்றோடு அது முடிந்தது.

வரதன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாலு பேரிங்குக்குப் போச்சேண்ணா" என்றான். பிறகு போனைப் பிடுங்கி, கையில் இருந்த மைலுக்குப் போகும் வழி மட்டுமாவது கிடைக்குமா என்று தேடினான். ஜூலையில் நாங்கள் பார்த்தபோது பிப்ரவரி முழுக்கக் கட்டில் நாற்காலிகள் இருந்தன. இப்போது மார்ச் கடைசி வரை ஒன்றும் இல்லை. வேறு ஊர், வேறு தேதி என்று உணவு இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஹெலன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"சாதா சீட்டுல நின்னுகினே போவ முடியாதா? ரயில்ல நிக்கற மாதிரி ஓரமா நின்னுக்கறேன். உடுவானா?"

"பெல்ட்டு போட்டு ஒக்காரணும் ஹெலன்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அழப்போகிறாள் என்று நினைத்துப் பின்னால் போனேன். ஓமப் பொட்டலத்தையும் சுக்கையும் எடுத்து முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தாள். "போற வரைக்கும் பெட்டிலயே இருந்தா வண்டு வச்சிடும். நாளைக்கு வெயில்ல போடறேன்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மார்ச்சில் விண்ணப்பித்து மைல் வந்ததும் குழந்தையைப் பார்க்கப் போகலாம், ஞானஸ்நானத்துக்கு இருக்கலாம் என்று புதுத் தேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, "ம்" என்றாள்.

பிப்ரவரி பதினாறாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து முதல் குளியல். மெர்லினோடு வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண் குளிப்பாட்டினாள். ஹெலன் போனை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, அதன் முன் நின்று இரண்டு கைகளையும் காற்றில் நீட்டிக் காட்டினாள்.

"கழுத்துக்கு அடியில கைய குடும்மா. அப்டி இல்ல, வெரல விரி. ஆங். தண்ணி முதுவுல ஊத்து, மூஞ்சில ஊத்தாத. மெர்லினு, அவளுக்குச் சொல்லு. புரியுதா அந்தப் பொண்ணுக்கு?"

படம் நின்றுபோனது. ஹெலனின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு புடவையில் துடைத்துக்கொண்டாள். ஈரம் எதுவும் இல்லை.

மார்ச்சில் வலி படுத்தாலும் தீரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் ஒருநாள் காலை எழ முடியவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் பரிசோதனைக்குப் பிறகு, எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள். முதுகெலும்பில் பல இடங்கள் அரித்திருந்தன. சிறுநீரகமும் கெட்டிருந்தது. நின்று நின்று வந்த வலி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

"முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நீல ஃபைல் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன். நிபந்தனைகளின் பதினான்காம் பக்கத்துக்கு அடுத்ததாக, துளைபோட்டு, ஒழுங்காக இருந்தது அந்த முகாம் தாள். ரத்த அளவு மிகக் குறைவு என்று எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள். கீழே கையால் ஒரு வரி: 'உடனே பொது மருத்துவரைப் பார்த்து மறுபரிசோதனை செய்யவும்.'

பதினான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். பதினைந்தாவது தாளை அடுக்கி மட்டும் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா தேதியைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. ஃபைலை மூடி என்னிடம் கொடுத்தார். அப்போதே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வாயைத் திறந்தேன். "போய் அவங்ககூட இருங்க" என்றார்.

மார்ச் கடைசியில் மறுபடி விண்ணப்பித்ததை மறந்தே போயிருந்தேன். கார்டு வந்ததும், வரதன் சொல்லி ஆலைச் சாமான்கள் வாங்கியதும் நடந்திருந்தன. ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை ஹெலனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது போன் சத்தம் எழுப்பியது.

"இன்னா மெசேஜி?"

"ஒண்ணுமில்ல."

"மெர்லினா?"

"இல்ல. மைலு வந்துடுச்சி."

கண்ணைத் திறந்தாள். "ரெண்டு வழிக்குமா?"

"ரெண்டு வழிக்கும்."

"பாத்தியா" என்றாள். என் கையை அழுத்தினாள். பலம் இல்லை, ஆனாலும் அழுத்தினாள். "நீ சொன்னா மாதிரியே வந்துடுச்சி பாரு."

என்னைத் திட்டியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

மே ஒன்பதாம் தேதி விடியற்காலை போய்விட்டாள். மெர்லின் கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, மூன்று மாதக் குழந்தையோடு, அடக்கத்தன்று காலை வந்து சேர்ந்தாள். திரும்பிப் போக அவள் டிக்கெட் எடுத்திருக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குழந்தையை ஹெலனின் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டினாள். பெட்டி மூடும்வரை காட்டிக்கொண்டே இருந்தாள்.

மாதக் கடைசியில் ஆலையில் திரும்பி வராத மஞ்சள் சீட்டுகளைப் பட்டியல் எடுப்போம். வரதன் ஒவ்வொன்றாகப் படிப்பான், நான் பதில் சொல்வேன். பம்ப் மோட்டார் ஒன்று, பொன்னேரிக்குக் காயில் கம்பி மாற்றிக் கட்டப் போயிருக்கிறது. வால்வு இரண்டு, சோதனைக்கு. அடுத்த சீட்டை எடுத்தவன் படிக்காமல் அடியில் செருகினான். ஓரத்தில் 22 கிலோ என்று என் கையெழுத்து தெரிந்தது. ஜூனிலும் அப்படித்தான் செருகினான். நான் அதை முடித்துக் கையெழுத்துப் போடவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மெர்லின் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த மைலில், முன்பக்கத்தில், கட்டில் நாற்காலி ஒன்று எடுத்தேன். ஒரு வழி மட்டும். வேண்டாம் என்றாள். கைக்குழந்தையோடு போகிறாய், படுத்துக்கொண்டு போ என்றேன். ஹெலனின் பெட்டியை அவளே அலமாரியிலிருந்து இறக்கினாள். ஹெலன் டிசம்பரில் கட்டியதுபோலவே இருந்தது. ஓமம்கூட வெயிலில் காய்ந்து திரும்பிப் பொட்டலமாகிவிட்டிருந்தது. லேகியத்தின் மெழுகை மெர்லின் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உடைக்காமல் உள்ளே வைத்தாள்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் மதியம் ஸ்டோரில் இருந்தேன். அவள் குரல் செய்தி வந்தது. கம்பி உருட்டும் சத்தத்தில் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"அப்பா, வந்து சேந்துட்டோம். நல்லபடியா வந்தோம்பா. நீ சொன்ன மாதிரி பட்டன அழுத்தினா கட்டிலாட்டம் ஆவுது. அம்மா மடிச்சி வச்ச துணிய விரிச்சி பாப்பாவ அதுல படுக்க வச்சேன். அழவே இல்ல, நல்லா தூங்கினா. நான் படுக்கலப்பா. அவ காலாண்ட ஓரமா, அவ்ளோ தூரமும் ஒக்காந்துகினேதான் வந்தேன்."